எப்ப வருது, எப்ப வரமாட்டேங்குது

எங்க வீட்டுக்காரரைப் பத்திச் சொல்லணும்னா முதல்ல அவரு கார்ல உக்காருத விதத்தைச் சொல்லணும். வண்டி அடுத்தவங்களோடது, உள்ள ஏதோ சத்தம் வருதுன்னு கொண்டு வந்தது. அதை அவங்கதான் ஓட்டணும். இவரு பக்கத்து சீட்டுல ஏறி, செருப்பைக் கழத்தி ஓரமா வச்சுட்டு, ரெண்டு கையையும் டேஷ்போர்டு மேல விரிச்சு வச்சுக் கண்ணை மூடிக்கிடுவாரு. தெரியாதவங்க ஜெபம் பண்ணுதாருன்னு நினைப்பாங்க. வண்டி எங்க ஃபிளாட் சொசைட்டியை ரெண்டு சுத்து வருததுக்குள்ள, "இங்கன"ன்னு ஒரு எடத்துல விரலை அமுக்குவாரு. சத்தம் நின்னுரும். விரலை எடுத்தா மறுபடி வரும். அம்புட்டுதான், பாதி வேலை முடிஞ்சது.

பேரு ஆபிரகாம். வயசு அம்பத்தெட்டு. தூத்துக்குடிப் பக்கத்து ஆளு. விமானப்படையில இருபது வருஷம் மீட்டர்களைப் பிரிச்சு மாட்டுத வேலை பாத்தாரு. அங்கேருந்து வந்த பெறகு நொய்டாவுல ஒரு கம்பெனியில ஜெனரேட்டர் ரூமுக்குப் பொறுப்பு. நான் செலின், நர்சு. கல்யாணமாகி டெல்லிக்கு வந்து இருபத்தேழு வருஷமாச்சு. மயூர் விஹார்ல லிஃப்ட் இல்லாத ஃபிளாட்டு, மூணாவது மாடி. நவம்பர் புகையில இந்த ஊர்ல யாருக்குத்தான் நெஞ்சு சரியா இருக்கு? ஞாயித்துக்கிழமை தமிழ்ப் பூசை முடிஞ்சு வந்தா நான் மூச்சு வாங்க மேல ஏறுவேன். அவரு கீழ பார்க்கிங்குலயே நின்னுருவாரு.

"சார், டேஷ்போர்டுல ஏதோ டக் டக்குங்குது"ன்னு யாராவது ஒருத்தர் அங்க காத்துக்கிட்டு இருப்பாங்க. மேல இட்லி ஆறும், சட்னி தண்ணி விடும். எனக்குக் கோவம் மூக்கு நுனியில நிக்கும். பால்கனியிலேருந்து கத்துவேன். "வாரேன், வாரேன்"னு கையைக் காட்டுவாரு. வரமாட்டாரு. யாருட்டயும் ஒரு பைசா வாங்க மாட்டாரு. அவருட்ட இருக்கதெல்லாம் ஒரு டார்ச்சு, ஆடுத இடுக்குல சொருகக் கொஞ்சம் ஃபெல்ட் துணி, ஒரு பழைய டூத் பிரஷ், அப்புறம் என் பெட்டியிலேருந்து சுட்டுக்கிட்டுப் போன ஒரு வளைஞ்ச இடுக்கி. இது போக ரெண்டே ரெண்டு கேள்வி வச்சிருப்பாரு. எப்ப வருது? எப்ப வரமாட்டேங்குது?

முதல் கேள்விக்கு எல்லாரும் டக்குனு பதில் சொல்லுவாங்க. ரெண்டாவதுக்குத்தான் முழிப்பாங்க. இவரு விட மாட்டாரு. "போய் ஒரு வாரம் ஓட்டிப் பாத்துட்டு வந்து சொல்லுங்க"ன்னு திருப்பி அனுப்பிருவாரு.

சி பிளாக் ரங்கராஜன் சார் ஒரு மினிஸ்ட்ரியில இருந்து ரிட்டயர் ஆனவரு. அவரு வண்டியில விர்ர்ருனு ஒரு சத்தம். ஒர்க்‌ஷாப்புல ரெண்டு தடவை டேஷ்போர்டையே கழத்தி மாட்டிட்டாங்க, சத்தம் போகல. எப்ப வரமாட்டேங்குதுன்னு இவரு கேட்டாரு. அவரு யோசிச்சு யோசிச்சு, "காலம்பற வராது சார். மத்தியானம் வெயில்ல நிறுத்தி எடுத்தா வரும்"னாரு. இவரு பார்வை டேஷ்போர்டு மேல ஒட்டியிருந்த பிள்ளையாரு மேல போச்சு. "தொடலாமா சார்?"னு கேட்டுட்டுப் பிள்ளையார் தலையில ஒத்த விரலை வச்சாரு. சத்தம் நின்னுட்டு. ஜூன் வெயில்ல ஒட்டு டேப்பு இளகிப் பிள்ளையாரு ஆடிக்கிட்டு இருந்திருக்காரு. ஒர்க்‌ஷாப்காரங்க ரெண்டு தடவையும் சாமியை மரியாதையா எடுத்துத் தனியா வச்சுட்டு, எல்லாத்தையும் கழத்தி மாட்டி, திரும்ப மரியாதையா அதே எடத்துல கொண்டு வச்சிருக்காங்க! நாங்க சிரிச்ச சிரிப்புல ரங்கராஜன் சாருக்கே கோவம் வந்துட்டு.

நாங்க மட்டும் என்ன ஒழுங்கா? குருத்தோலை ஞாயிறு முடிஞ்ச மறுவாரம் எங்க கோயில் ஆளுங்க வண்டியில பாதி சத்தம் போடும். கோயில்ல மந்திரிச்சுக் கொடுத்த குருத்தோலையைச் சிலுவையா மடிச்சு, வண்டிக்கு ஆசீர்வாதம்னு டேஷ்போர்டுல கண்ணாடி ஓரமாவோ ஏசி காத்து வருத வாயிலயோ சொருகிருவாங்க. டெல்லி ஏப்ரல் வெயிலுக்கு அது நாலு நாள்ல காஞ்சு சருகாயிரும். காத்து பட்டாப் போதும், படபடன்னு துடிக்கும். மந்திரிச்சதைத் தூரப் போடக் கூடாது, அடுத்த வருஷம் சாம்பல் புதனுக்குக் கோயில்ல கொடுத்து எரிக்கணும். அதனால எடுக்கவும் மாட்டாங்க, சத்தத்தைப் பொறுக்கவும் மாட்டாங்க. இவரு போய் இடுக்கியால எடுத்து, கண்ணுல ஒத்தி, கண்ணாடிக்கு மேல வெயில் மறைக்குத மடிப்புக்குள்ள சொருகிக் கொடுத்துட்டு வருவாரு.

வண்டி விஷயத்துல அடுத்தவங்கட்ட அவரு கோவப்பட்டு நான் ஒரே ஒரு தடவைதான் பாத்திருக்கேன். ஏ பிளாக் ஸ்ரீதரோட வீட்டம்மா பிரியதர்ஷினி, வண்டியில டிக் டிக்குனு கேக்குதுன்னு ரெண்டு மாசமாச் சொல்லியிருக்கு. ஸ்ரீதர் எல்லார் முன்னாலயும், "சத்தம் வண்டியில இல்ல சார், இவ மண்டையில"ன்னு சொல்லிச் சிரிச்சாரு. அந்தப் பிள்ளை மொகம் சுண்டிப்போச்சு. இவரு சிரிக்கல. "தம்பி, கேக்குதுன்னு சொல்லுதவங்க பொய் சொல்ல மாட்டாங்க. இனிமே அப்படிப் பேசாதீங்க"ன்னாரு. அப்புறம் பிரியதர்ஷினியை ஓட்டச் சொல்லிப் பக்கத்துல உக்காந்தாரு. ஸ்ரீதர் ஏசி ஃபேனை ஒண்ணுல வச்சு ஓட்டுத ஆளு, பிரியதர்ஷினி மூணுல வைக்கும். மூணுல சுத்தினாத்தான் ஃபேனுக்குள்ள விழுந்து கெடந்த வேப்பங்கொட்டை துள்ளும். வண்டி நிக்குதது வேப்ப மரத்தடியில. கொட்டையை எடுத்து அந்தப் பிள்ளை உள்ளங்கையில வச்சாரு. அன்னைக்கு எனக்கு இந்த மனுசன் மேல அம்புட்டுப் பிரியம் வந்தது. இட்லி ஆறினதைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல.

இம்புட்டு விலாவாரியா எதுக்குச் சொல்லுதேன்னா, இந்த மனுசனுக்குக் காது போய்க்கிட்டு இருந்தது. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் நான் சொல்லல.

போன டிசம்பர்ல காய்ச்சல்னு தெர்மாமீட்டரைக் கக்கத்துல வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. அது பீப் பீப்னு அடிச்சு ஓஞ்சு போச்சு. இவரு எடுக்கல. "இன்னும் அடிக்கலையே"ங்காரு. எனக்குச் சுருக்குனுச்சு. காது மூக்கு தொண்டை ஓபிடியில ஆறு வருஷம் நின்னவ நான். அன்னைலேருந்து கவனிச்சேன். நான் பேசுதது கேக்குது, லாரி கேக்குது, டக் டக்கு கேக்குது. மெல்லிசா, கீச்சுன்னு வருதது மட்டும் கேக்கல. மைக்ரோவேவ் அடிச்சா தெரியல. எங்க வண்டியைப் பின்னால எடுக்கும்போது அடிக்குத சென்சார் தெரியல. சத்தத்தைத் தடுக்கக் காதுல மாட்டச் சொல்லிக் கொடுத்ததைக் கழுத்துல மாட்டிக்கிட்டு இருபது வருஷம் ஜெனரேட்டர் ரூமுல நின்னா வேற என்ன ஆகும்?

சொல்லியிருக்கணும். வாய் வரல. மக ஜெனி பெங்களூருல இருக்கா, ஃபோன்ல ரெண்டு நிமிஷம் பேசுவா. கம்பெனியில ரெண்டு வருஷத்துல வேலை முடிஞ்சிரும். ஞாயித்துக்கிழமை நாலு பேரு "ஆபிரகாம் சார்"னு கூப்பிடுதது ஒண்ணுதான் அவருக்குச் சந்தோஷம். அதை என் கையால புடுங்க எனக்கு மனசு வரல. மைக்ரோவேவ் அடிச்சா நானே போய் எடுத்துருவேன். சென்சார் அடிச்சா, "போதுங்க, போதும், தூண் இருக்கு"ன்னு நானே சொல்லிருவேன்.

இந்த வருஷம் எங்க வண்டியில ஓலையைச் சொருகினது நான்தான். பத்து நாள்ல அது கண்ணாடி ஓரத்து இடுக்குக்குள்ள நழுவி விழுந்துட்டு. ஏசி போட்டா ஸ்ஸ்ஸுன்னு மெல்லிசா ஒரு சத்தம். ஓலைதான்னு எனக்கு அப்பத் தெரியாது. "ஏங்க, நம்ம வண்டியிலயே சத்தம் வருதுங்க"ன்னேன். கையை வச்சாரு, கண்ணை மூடினாரு. ரொம்ப நேரம் மூடியே இருந்தாரு. அப்புறம், "ஒண்ணுமில்ல செலினு. டூட்டி அலுப்பு ஒனக்கு"ன்னாரு. ஸ்ரீதரைக் கண்டிச்ச அதே மனுசன்! எனக்கு வந்த கோவத்துக்கு அங்கனயே கேட்டிருப்பேன். ஆனா அவரு மொகத்தைப் பாத்தேன், பயந்து போயிருந்தாரு. வாயை மூடிக்கிட்டேன்.

மே மாசம், பள்ளிக்கூட லீவு விட்ட முதல் ஞாயிறு. கீழ் வீட்டு வைஷ்ணவி வந்தது. டெல்லியிலயே பொறந்து வளந்த பொண்ணு, தமிழ்ல பாதி இந்தி கலந்து பேசும். புருஷன் துபாய்ல இருக்காரு. மறுநாள் விடிகாலையில அம்மாவையும் ஆறு வயசு மகளையும் ஏத்திக்கிட்டு முசோரிக்குத் தானே ஓட்டிக்கிட்டுப் போகுதாம். "அங்கிள், டேஷ்போர்டு பக்கம் கீ...ன்னு ஒரு சத்தம். நாளைக்கு மலை ரோடு. கொஞ்சம் ஜல்தியா பாத்துருங்க, ப்ளீஸ்." நான் மார்க்கெட் பையோட நின்னேன். "நீங்களும் ஏறுங்க ஆண்ட்டி, அப்படியே விட்டுடறேன்"னுச்சு. பின் சீட்டுல ஏறினேன்.

வண்டி நகந்ததுமே எனக்குக் கேட்டுட்டு. ஊசியால கண்ணாடியைக் கீறுத மாதிரி, முன்னால கீழேருந்து வருது. இவரு கையை விரிச்சுக் கண்ணை மூடி உக்காந்திருக்காரு. "எப்ப வருதும்மா?"ன்னாரு. "இப்போ வருதே அங்கிள்"னுச்சு. அவரு நெத்தி வேர்த்துட்டு. ஏசி ஓடுது, ஆனாலும் வேர்க்குது. ரெண்டாவது கேள்வியை அவரு கேக்கவே இல்ல. டேஷ்போர்டு ஓரத்தை அங்கயும் இங்கயும் அமுக்கிப் பாத்துட்டு, "கிளிப்பு லூசு"ன்னாரு. ஃபெல்ட் துணியை நறுக்கிச் சொருகினாரு. "சரியாப் போச்சும்மா. கொஞ்ச தூரம் ஓடினா அடங்கிரும். தைரியமாப் போயிட்டு வா"ன்னு சொல்லிட்டு இறங்கிட்டாரு. ரங்கராஜன் சாரும் ஸ்ரீதரும் அங்க பேசிக்கிட்டு நின்னாங்க. அவங்களோட போய் நின்னுக்கிட்டாரு.

வண்டி சொசைட்டி வாசல் கேட்டுப் பக்கம் போச்சு. சத்தம் வந்துக்கிட்டேதான் இருக்கு. "ஆண்ட்டி, உங்களுக்கும் கேக்குதா? அங்கிள் சொல்லிட்டார்ல, அச்சா, சரியாயிடும்"னு அந்தப் பிள்ளை தானே சமாதானம் சொல்லிக்கிச்சு. கேட்டு முன்னால வேகத்தடை. பிரேக்கை மிதிச்சுது. சத்தம் நின்னுட்டு. காலை எடுத்துது. சத்தம் வந்துட்டு.

பதினஞ்சு வருஷமா அவரு கேக்குத கேள்வியைக் கேட்டுக் கேட்டு எனக்கும் ஊறிப்போயிருக்கும்லா? பிரேக்கை மிதிச்சா வரமாட்டேங்குது. ஒர்க்‌ஷாப்புல ஒரு தடவை காட்டிரும்மான்னு இந்தப் பிள்ளைட்ட மட்டும் பைய சொல்லிரலாமான்னு ஒரு நிமிஷம் யோசிச்சேன். "அங்கிளே பாத்துட்டாரே"ன்னு சிரிச்சுட்டுப் போயிரும். அவரு சொன்னா இவங்களுக்கெல்லாம் வேதவாக்கு. வைஷ்ணவி மக பின் சீட்டுல விட்டுட்டுப் போன பொம்மை ஒண்ணு என் பக்கத்துலயே கெடந்தது.

"வண்டியைத் திருப்பு வைஷ்ணவி"ன்னேன்.

இறங்கின வேகத்துல பை கீழ விழுந்துட்டு. "ஏங்க, அது டேஷ்போர்டு இல்ல. பிரேக்கு"ன்னேன்.

"ஒனக்கு என்ன தெரியும்? சும்மா இரு."

இருபத்தேழு வருஷத்துல நாலு பேரு முன்னால அவரு என்னை இப்படிப் பேசினதே இல்ல. எனக்கும் ஏறிட்டு. "எனக்குக் கேக்குது. உங்களுக்குக் கேக்கல. டிசம்பர்லேருந்து கேக்கல. அந்தப் பிள்ளை மலை மேல போகுது, மனுசா!"

சொன்ன பெறகுதான் என்ன சொன்னோம்னு எனக்கே உறைச்சது. ரங்கராஜன் சார் கையிலிருந்த பேப்பரை மடிச்சாரு. ஸ்ரீதர் தரையைப் பாத்தாரு. இவரு டார்ச்சை எடுத்தாரு. முன் சக்கரத்துட்ட போய் மண்டி போட்டு, டார்ச்சை அடிச்சு, சக்கரத்து ஓட்டை வழியா உள்ள பாத்தாரு. அந்தப் பக்கச் சக்கரத்தையும் போய்ப் பாத்தாரு. எந்திரிச்சு, முழங்கால் மண்ணைக் கூடத் தட்டாம, "வைஷ்ணவி, வண்டியை எடுக்காத. பிரேக் பேடு தேஞ்சு இரும்போட நிக்கு. புதுசு போட்ட பெறகு போ. நான் சொன்னது தப்பு"ன்னாரு. அப்புறம் என்னைத் திரும்பிப் பாக்காம படி ஏறிப் போயிட்டாரு.

வைஷ்ணவி புதுசு மாட்டிக்கிட்டு ஒரு நாள் தள்ளி முசோரிக்குப் போச்சு. இவரு ரெண்டு நாள் என்னோட பேசல. போட்டதைச் சாப்பிட்டாரு, தட்டைக் கழுவி வச்சாரு, டியூப் லைட்டைப் பாத்துக்கிட்டு படுத்தாரு. நான் செஞ்சது சரிதான், அதுல எனக்குச் சந்தேகமில்ல. ஆனா அஞ்சு மாசம் வீட்டுக்குள்ள சொல்லாததை நடுப் பார்க்கிங்குல போட்டு ஒடைச்சேனே, அதை நினைச்சு நினைச்சு சமையக்கட்டுல நின்னு அழுதேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியான டூட்டிக்கு அவருதான் கொண்டு விட்டாரு. யமுனைப் பாலம் தாண்டினதும், ரோட்டைப் பாத்துக்கிட்டே, "இப்ப ஏதும் சத்தம் வருதா?"ன்னாரு.

"வருது."

"எம்புட்டு நாளா?"

"குருத்தோலை ஞாயிறு முடிஞ்சு பத்து நாள்லேருந்து."

வண்டியை ஓரங்கட்டினாரு. "எப்ப வருது?"

"ஏசி போட்டா வருது. காத்தைக் கால் பக்கம் திருப்பிட்டா வரமாட்டேங்குது."

அவருக்குப் புரிஞ்சுட்டு. காது தேவைப்படல. இடுக்கியை எடுத்துக் கண்ணாடி ஓரத்து இடுக்குல விட்டு மெதுவா இழுத்தாரு. ஓலைச் சிலுவை பாதி ஒடிஞ்சு வந்தது. கண்ணுல ஒத்திக்கிட்டாரு.

"அன்னைக்கே சொன்னேன்லா"ன்னேன்.

"சொன்ன. டூட்டி அலுப்புன்னேன். பொய் சொன்னேன் செலினு. எனக்கு ஒண்ணுமே கேக்கல. கேக்கலன்னு சொல்லப் பயமா இருந்தது." அவரு கண்ணு கலங்கிட்டு. "நானும்தான் தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருந்தேன்"னு அவரு கையைப் புடிச்சேன். பின்னால ஒரு ஆட்டோக்காரன் ஹாரனை விடாம அமுக்கினான். "இவன் சத்தம் நல்லாக் கேக்குது"ன்னாரு. ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்துட்டு.

ஜூன் மொத வாரம் ரெண்டு காதுக்கும் மெஷின் வந்தது. மாட்டிக்கிட்டு முதல் தடவை வண்டியில ஏறினாரு. சீட் பெல்ட் போடச் சொல்லி அது அடிச்சுது. "இந்தச் சனியன் இம்புட்டுச் சத்தமாவா அடிக்கும்?"னு தூக்கிவாரிப் போட்டுட்டு அவருக்கு. ஆனா ஞாயித்துக்கிழமை கீழ போகக் கூச்சம். பூசை முடிஞ்சு வந்ததும் நேரா மேல ஏறிருவாரு. மூணாவது வாரம் ஸ்ரீதரே மேல வந்து, "சார், வண்டியில ஏதோ கேக்குது. எனக்குக் கேக்கல, இவளுக்குக் கேக்குது. வாங்க"ன்னு கூட்டிக்கிட்டுப் போனாரு. இவரு வழக்கம்போலச் செருப்பைக் கழத்தி உக்காந்தாரு. பிரியதர்ஷினி ஓட்டுச்சு, ஸ்ரீதர் பின் சீட்டுல வாயை மூடிக்கிட்டு உக்காந்திருந்தாரு.

அன்னைக்கு வேலை முடியுத வரைக்கும் நானும் கீழயே நின்னு, அவரோட சேந்து படி ஏறினேன். முந்தின நாள் புழுதிக் காத்து அடிச்சு ஊரே மஞ்சளாக் கெடந்தது. ரெண்டாவது மாடித் திருப்பத்துல அவரு நின்னுட்டாரு.

"நில்லு செலினு. விசில் மாதிரி ஏதோ கேக்குது."

"பக்கத்து வீட்டு குக்கரா இருக்கும்."

"இல்ல. ஒன் நெஞ்சுலேருந்து வருது."

நாலு வருஷமா இருக்கு அந்த இழுப்பு. ஒரு நவம்பர் புகையில ஆரம்பிச்சது. மருந்து உறிஞ்சுத பம்பு கைப்பையில அடியில துணி சுத்திக் கெடக்கும். இந்த ஊரு ஒத்துக்கலைன்னு தெரிஞ்சா வேலையை விடச் சொல்லுவாரோன்னு, அவரு பக்கத்துல இல்லாதப்பதான் எடுப்பேன். பக்கத்துல இருந்தாலும் அவருக்குத்தான் கேக்காதே.

"ஒண்ணுமில்லங்க, டூட்டி அலுப்பு"ன்னேன்.

அவரு என்னை ஒரு பார்வை பாத்தாரு. திட்டல. பையை வாங்கிக் கீழ வச்சுட்டு, என்னைப் படியில உக்கார வச்சு, தானும் பக்கத்துல உக்காந்தாரு. என் முதுகுல ஒரு கையை விரிச்சு வச்சுக் கண்ணை மூடினாரு.

"எப்ப வருது?"ன்னாரு.

"படி ஏறும்போது வருதுங்க"ன்னேன். "எறங்கும்போது வரமாட்டேங்குது."